இலவசக் கோப்பி இருக்கட்டும், சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

வேலையிடத்தில் கோப்பி, தேநீர், மைலோ, பிஸ்கட் எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்று மலேசியாவில் எந்தச் சட்டமும் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. மனம் இருந்தால் தருவார், வேண்டாமென்றால் நிறுத்திவிடுவார். உங்கள் வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் மட்டும்தான் அது உங்கள் உரிமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கோப்பியை நிறுத்திட்டாங்க, எங்கே புகார் கொடுக்கறது?" என்று வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால், கோப்பியைச் சாக்காக வைத்துச் சம்பளத்திலும் ஓய்வு நேரத்திலும் கைவைத்திருப்பது தெரிய வருகிறது. அதற்குச் சட்டம் இருக்கிறது.

அது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் பொருந்துகிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு ஓவர்டைம் போன்ற சில பிரிவுகள் மட்டும் கிடையாது. பின்னணி இவ்வளவு போதும்.

பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தன் சம்பளச் சீட்டைக் காட்டினார். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கழிவுகளுக்குக் கீழே "பொத்தோங்கான் மினுமான்", அதாவது பானத்துக்கான கழிவு என்று ஒரு வரி, 25 ரிங்கிட். ஒரு மேசை, சுடுதண்ணீர்க் குடுவை, மூன்று-இன்-ஒன் பாக்கெட்டுகள், இவற்றுக்குத்தான் அந்தப் பணம். அவர் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு போகிறவர், அந்த மேசைப் பக்கமே போனதில்லை. எச்.ஆரில் கேட்டால் ஒரே பதில்: "ஆஃபர் லெட்டர்ல இருக்கு, நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்க."

அந்தக் கையெழுத்து மட்டும் போதாது. சட்டத்தின் 24ஆவது பிரிவில் எதை எதைப் பிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறது, அதில் இல்லாத எதையும் பிடிக்க முடியாது. சாப்பாட்டுச் செலவைப் பிடிக்க வேண்டுமானால் தொழிலாளி எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநரிடம் முன்கூட்டியே அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே எச்.ஆரிடம் வாக்குவாதம் வேண்டாம். "அனுமதிக் கடிதத்தின் நகலைக் கொடுங்கள்" என்று ஒரே வரி, அதுவும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். வாயால் கேட்டால் பதிலும் வாயோடு போய்விடும். சம்பளச் சீட்டே தருவதில்லை என்றால் அது தனிக் குற்றம், அதையும் புகாரில் சேருங்கள்.

இன்னொரு தந்திரம், சாப்பாட்டைச் சம்பளத்தோடு கூட்டிக் காட்டுவது. "1,550 கையில, 150க்கு சாப்பாடும் தண்ணியும், மொத்தம் 1,700, சரியாப் போச்சு" என்று கடைகளில் சொல்கிறார்கள். சரியாகப் போகவில்லை. 2025 ஆகஸ்ட் 1 முதல் சிறிய கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அது முழுக்க அடிப்படைச் சம்பளமாக இருக்க வேண்டும். கொடுக்கிற சாப்பாட்டின் மதிப்பு சட்டத்தின் பார்வையில் சம்பளமே இல்லை.

கோலாலம்பூர் அலுவலகங்களில் நடப்பது இதைவிட நாசூக்கானது. மாதம் 150 ரிங்கிட் சாப்பாட்டு அலவன்ஸை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக அழகான பென்ட்ரி, கோப்பி மெஷின், பழத்தட்டு. எல்லோரும் கைதட்டுகிறார்கள். ரொக்கமாக வந்த அலவன்ஸுக்கு இபிஎஃப் கட்ட வேண்டும். சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்குள் இருப்பவருக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 150க்கு ஏறத்தாழ 20 ரிங்கிட். கோப்பிக்கு இபிஎஃப் கிடையாது. 150ம் போய், அந்த 20ம் போகிறது. அலவன்ஸ் உங்கள் வேலைக் கடிதத்தில் இருந்தால் உங்கள் சம்மதம் இல்லாமல் அதை எடுக்க முடியாது. "புதிய ஏற்பாட்டை ஏற்கிறேன்" என்ற தாள் வந்தால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

ஓய்வு நேரத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்கிறது 60ஏ பிரிவு. 30 நிமிடத்துக்குக் குறைந்த இடைவேளை அந்த 5 மணி நேரத் தொடர்ச்சியை முறிக்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. காலை 7 மணிக்கு நிற்க வைத்து, 9க்குப் பத்து நிமிடம் தேநீர், 11க்குப் பத்து நிமிடம் கோப்பி, மதியம் 1 மணிக்குச் சாப்பாடு என்றால், சட்டப்படி நீங்கள் 6 மணி நேரம் ஓய்வில்லாமல் உழைத்திருக்கிறீர்கள். "ரெண்டு தடவை ரெஸ்ட் கொடுத்தோமே" என்று சூப்பர்வைசர் சொல்வது செல்லாது. நிறுத்த முடியாத வேலைக்கு மட்டும் வேறு கணக்கு: 8 மணி நேர ஷிஃப்டுக்குள் மொத்தம் 45 நிமிடமாவது சாப்பிட வாய்ப்பு இருக்க வேண்டும். கோப்பியைக் கையில் கொடுத்து கவுண்டரை விட்டு நகராதே, போனை எடு என்றால் அது ஓய்வே இல்லை. உங்கள் நேரம் உங்கள் கையில் இல்லாதவரை அது வேலை நேரம்தான்.

கோப்பி வேறு, குடிதண்ணீர் வேறு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் வந்துவிட்டது. தொழிலாளர் நலனுக்குப் போதுமான வசதி செய்வது முதலாளியின் கடமை, அதற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது அது. செக்யூரிட்டி கார்ட், கிளீனர் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் "பென்ட்ரி ஸ்டாஃபுக்கு மட்டும்" என்று சொல்லித் தண்ணீர்க் குழாயையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம்.

இனிமேல்தான் அலைச்சல். எச்.ஆர். எச்.கியூவைக் கை காட்டும், எச்.கியூ ஏஜென்டைக் கை காட்டும். கவுண்டரில் "இது எங்க இலாகா இல்லை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள், எந்த இலாகா என்று சொல்ல மாட்டார்கள். நீங்களே தெரிந்துகொண்டு போங்கள். சம்பளம், கழிவு, ஓய்வு நேரம் என்றால் தொழிலாளர் இலாகா, மலாயில் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா. தண்ணீர், கழிப்பறை என்றால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா, சுருக்கமாக ஜே.கே.கே.பி. வேலையை விட்டு நிறுத்தினால் தொழிலியல் உறவு இலாகா, அதாவது ஜாபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான். மூன்றும் மனிதவள அமைச்சின் கீழ்தான் இருக்கின்றன, ஆனாலும் ஒன்றில் கொடுத்த புகார் தானாக அடுத்ததற்குப் போகும் என்று நம்பாதீர்கள்.

"கோப்பி தரவில்லை" என்று எழுதினால் புகார் அங்கேயே படுத்துவிடும். "எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு, அனுமதி இல்லாமல் சம்பளத்தில் பிடித்தார்கள்" என்று எழுதுங்கள். சம்பளச் சீட்டு, பேங்குக் கணக்கு அறிக்கை, வேலைக் கடிதம், பஞ்ச் கார்டின் படம், எல்லாவற்றிலும் இரண்டு நகல். உங்கள் நகலில் தேதியோடு சாப்பு குத்தித் தரச் சொல்லுங்கள், தராமல் நகராதீர்கள். தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். நடுவில் முதலாளி பாதிப் பணத்தோடு "புகாரை மீட்டுக்கொள்கிறேன்" என்ற தாளை நீட்டுவார். பேங்கில் முழுப் பணம் ஏறும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

கோபத்தில் ராஜினாமா மட்டும் வேண்டாம். பென்ட்ரியிலிருந்து இரண்டு பாக்கெட் எடுத்துப் போனதாகச் சொல்லி வேலையை விட்டு நிறுத்தினாலும், முறையான விசாரணை நடந்ததா என்று முதலில் கேளுங்கள். நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். ஞாயிறும் பெருநாளும் அந்தக் கணக்கில் சேரும். எச்.ஆருக்கு அப்பீல் எழுதிவிட்டுக் காத்திருக்கும் நாட்களும் சேரும், தொழிலாளர் இலாகாவில் தவறாகக் கொடுத்துவிட்டு அலையும் நாட்களும் சேரும்.