நூற்றுக்கு 96 வாங்கியவள் ஏன் திணறினாள்?

கிருஷ்ணகிரியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளும், ஓசூர் சிப்காட்டில் இன்டர்வியூவுக்குப் போகும் டிப்ளமோ பையன்களும்தான் அதிகம். இலக்கணப் பயிற்சிக்கு ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டேன். முதல் மூன்று மாதம் நிம்மதியோ நிம்மதி. பிள்ளைகள் சத்தமில்லாமல் கிளிக் செய்தார்கள், மார்க் தானாக விழுந்தது, நோட்டு திருத்தும் வேலையே இல்லை.

வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து வரும் மாணவி ஒருத்தி நிகழ்காலப் பயிற்சியில் 96 வாங்கினாள். சரி, இவளுக்குப் பிரச்சினை இல்லை என்று அடுத்த பாடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒருநாள் பேச்சுவாக்கில் அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டேன். "மை ஃபாதர் எவ்ரி டே மாந்தோப்பு கோ" என்றாள். 'கோஸ்' வரவே இல்லை. அதே வாக்கியத்தைக் கோடிட்ட இடமாகக் கொடுத்தால் இரண்டு நொடியில் சரியாகப் போடுவாள்.

மறுநாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அவள் வாக்கியத்தைப் படிக்கவே இல்லை. 'எவ்ரி டே' கண்ணில் பட்டால் எஸ் சேர்ந்த சொல், 'நவ்' என்றால் ஐஎன்ஜி, 'சின்ஸ்' என்றால் 'ஹேஸ் பீன்'. அந்தப் பாடத்தில் எழுவாய் எல்லாம் 'ஹீ', 'ஷீ' என்றே இருந்ததால் எழுவாயைப் பார்க்கவும் தேவைப்படவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை. தப்பு என்னுடையது, மார்க்கை நம்பியது நான்தானே!

ஒரு மாணவன் 'டோன்ட்' என்பதை நடுவில் வரும் அப்பாஸ்ட்ரஃபி குறி போடாமல் டைப் செய்தான், சிவப்பு விழுந்தது. இன்னொருவன் இறந்தகாலத்தை அடியோடு தப்பாகப் புரிந்து எழுதினான், அவனுக்கும் அதே சிவப்பு. கைதவறிய தவறு வேறு, மனதில் ஓடும் விதியே தவறாக இருப்பது வேறு என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இலேயே பிரித்துக் காட்டினார். நான் வாங்கிய மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொரு சங்கதி, நம் ஊர் சங்கதி. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. தமிழையும் சேர்த்து இந்த மூன்றிலும் 'ஏ', 'தி' போன்ற சொற்கள் கிடையாது. 'ஹேவ்' என்று தனி வினையும் கிடையாது, 'எனக்கு இரண்டு அண்ணன் இருக்காங்க' என்ற அமைப்புதான். அதனாலோ என்னவோ, 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று வருகிறது. நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. மென்பொருளோ 'ஹீ'யா 'ஷீ'யா என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறது. அவன், அவள் என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது எதற்கு?

அதற்காக மென்பொருளைத் தூக்கி எறியவில்லை. கூச்சப்படும் பிள்ளை நாலு பேர் முன்னால் தப்பாகச் சொல்வதைவிட, திரையில் பத்து முறை தப்பு செய்து பார்ப்பது எவ்வளவோ மேல். இப்போது ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். கிளிக் செய்யும் முன் ஏன் இந்த விடை என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டும், தமிழில் சொன்னாலும் சரி. சத்தம் தாங்காது, ஆனால் அந்தச் சத்தத்தில்தான் யாருக்கு என்ன புரியவில்லை என்று எனக்குத் தெரிகிறது. கடைசிப் பத்து நிமிடம் திரையை அணைத்துவிட்டு, அதே இலக்கணத்தில் தன் வீட்டைப் பற்றி மூன்று வாக்கியம். தப்பானவற்றை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

பெற்றோரும் போனில் வரும் ஸ்கோரைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். போனை வாங்கி வைத்துவிட்டு, இன்று பள்ளியில் நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை எங்கே நிற்கிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

அந்த மாணவி இப்போது 'கோஸ்' சொல்கிறாள், பாதி நேரம். மென்பொருளில் மார்க் 80க்கு இறங்கிவிட்டது. வாக்கியத்தைப் படித்து யோசிக்கிறாள், அதனால் நேரம் போதவில்லை.