எந்தக் கையால் வாசிப்பது?

“சார், பதினேழாவது பாரில் அந்த நான்கு சுரங்களை எந்தக் கையால் வாசிப்பது?”

புரசைவாக்கத்திலிருந்து ஒரு பியானோ ஆசிரியை தொலைபேசியில் கேட்டார். நான் கணினியில் அச்சுக்கோத்துக் கொடுத்த ஸ்கோர்தான், அதாவது மேற்கத்திய முறையில் எழுதிய இசைப்பிரதி; பார் என்பது அதில் ஒரு தாளக்கட்டம். பார்வைக்கு அப்பழுக்கில்லை. ஆனால் இடக்கை மேலேறி வாசிக்க வேண்டிய சுரங்கள் வலக்கைக்குரிய மேல் ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசையில்) உட்கார்ந்திருந்தன. வலக்கையோ அதே நேரத்தில் ஒன்றரை ஸ்தாயி தள்ளி வேறு வேலையில் இருந்தது. இசை எழுதும் மென்பொருள் எந்தப் பிழையையும் காட்டவில்லை. அதன் கணக்கில் எல்லாம் சரி.

வடபழனியில் பல ஆண்டுகளாக இந்தத் தொழில் செய்கிறேன். வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் இன்றைய மென்பொருள்களைத் தயங்காமல் நம்பலாம். பியானோ வந்தால்தான் வம்பு.

மென்பொருளுக்கு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வீட்டு முகவரி வேண்டும்: எந்த ஸ்டாஃப், எந்த வாய்ஸ் (ஒரே ஸ்டாஃபில் தனித்தனியாக ஓடும் இசையிழை), எந்த நேரம். பியானோ இசையிலோ ஒரு சஞ்சாரம் கீழ் ஸ்டாஃபான பாஸ் கிளெஃபில் பிறந்து மேல் ஸ்டாஃபான ட்ரெபிள் கிளெஃபில் போய் முடியும்; இரண்டுக்கும் நடுவே சுரங்களை இணைக்கும் தடித்த கோடாக ஒரே பீம் ஓடும். பெரும்பாலான மென்பொருள்கள் அந்தச் சுரத்தைக் கீழ்வீட்டிலேயே குடிவைத்து, மாடியில் நிற்பதுபோலப் படம் மட்டும் காட்டுகின்றன. மாடி காலி என்று நினைத்து அங்கே ஒரு ரெஸ்ட், அதாவது மௌனக் குறி, முளைக்கும். அதை மறைக்க வேண்டும். பீமின் சரிவைக் கையால் இழுக்க வேண்டும். சுரங்களைச் சேர்த்துக் காட்டும் வளைகோடான ஸ்லர் எதன்மேலாவது இடிக்கும். ஒரு பக்கத்தை இப்படி ஒழுங்கு செய்து முடித்த பிறகு இசையமைப்பாளர், “நடுவில் ஒரே ஒரு பார் சேர்த்துவிடுங்களேன்” என்பார். வரிகள் நகரும், ஸ்டாஃப்களின் இடைவெளி மாறும், இரவெல்லாம் செய்த வேலை கோணிக்கொண்டு நிற்கும்.

வாய்ஸ் எண்ணிக்கையைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். சிபெலியஸ், மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள்களில் ஒரு ஸ்டாஃபுக்கு நான்கு, டோரிகோ என்பதில் வரம்பில்லை. ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஃபியூக் வடிவத்தில், இசையமைப்பாளர் பாக் எழுதிய ஐந்து குரல் படைப்பே இரண்டு ஸ்டாஃபுக்குள் அடங்கிவிடுகிறது. நான்கு போதாமல் நான் தவித்தது அபூர்வம்.

தவிக்க வைத்தது பியானோ இசையமைப்பாளர் ஷோபான். 1839இல் வெளிவந்த அவருடைய 24 பிரெலூடுகளில் (சிறு பியானோ படைப்புகளில்) ஒன்பதாவது, ஈ மேஜர். மேலே மெட்டில் முக்கால் அடி நீளும் புள்ளியிட்ட குவேவரும் அதையொட்டிக் கால் அடிக்கு ஒரு செமிகுவேவரும், நடுவே ஓர் அடியை மூன்றாகப் பங்கிடும் ட்ரிப்லெட். கணக்குப்படி அந்தச் செமிகுவேவர் அடியின் முக்கால் பங்கில் விழ வேண்டும், ட்ரிப்லெட்டின் மூன்றாம் சுரம் மூன்றில் இரண்டு பங்கில். ஷோபானின் கையெழுத்துப் பிரதியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. சேர்த்து வாசிக்க வேண்டும் என்று பலர் கொள்வது அதனால்தான். மென்பொருளோ கணக்கு வாத்தியார்; செமிகுவேவரைக் கொஞ்சம் வலப்புறம் தள்ளியே வைக்கும். ஒவ்வொன்றாகக் கையால் இழுக்கலாம். அல்லது மெட்டையே ட்ரிப்லெட்டாக எழுதி, எண்ணை மறைத்து, இல்லாத புள்ளியை ஒட்டவைக்கலாம். இரண்டாவது வழியில் கோப்பு பொய் சொல்லும், காகிதம் உண்மை சொல்லும். எனக்கு அதில் வெட்கமில்லை.

ஆசிரியை கேட்ட பதினேழாவது பார் இவ்வளவு நுட்பமான விஷயமல்ல. என் சோம்பல். கோடம்பாக்கம் வட்டாரத்தில் கீபோர்டில் வாசித்துப் பதிந்த மிடி கோப்பை அனுப்பி, “நாளைக் காலை ஸ்கோர் வேண்டும்” என்பது வழக்கம். அதுவும் அப்படி வந்ததுதான். எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பது மிடியில் இருக்கும். எந்தக் கை என்பது இருக்காது. நடு சி-க்கு மேலே வலக்கை, கீழே இடக்கை என்று மென்பொருள் கத்தரித்துவிட்டது. நான் கணினியிலேயே ஓடவிட்டுக் கேட்டேன், அருமையாக ஒலித்தது. ஒலிக்காமல் என்ன? கணினிக்குக் கை ஏது?

இப்போது மிடியோடு, வாசிக்கும் கைகளை மேலிருந்து எடுத்த ஒரு கைப்பேசி வீடியோவும் கேட்கிறேன். கையெழுத்துப் பிரதி இருந்தால் இன்னும் நல்லது. அச்சுக்குப் போகும் முன் ஒரு பியானோக்காரர் காகிதத்தைப் பார்த்து வாசித்துக் காட்ட வேண்டும். கோப்பை மட்டும் வைத்திருக்கிறவர்கள் பிடிஎஃப் பிரதியும் எடுத்துவையுங்கள். 1988இல் தொடங்கிய பினாலே என்ற இசை மென்பொருளின் வளர்ச்சிப் பணி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவம் வழியாகச் சுரங்களை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகலாம். கையால் இழுத்துச் செய்த நகாசு வேலை பெரும்பாலும் வழியில் உதிர்ந்துவிடும்.

திருத்திய பக்கத்தை அன்று மாலையே ஆசிரியைக்கு அனுப்பினேன். அதற்குள் அவர் மாணவியின் பிரதியில் பென்சிலால் ‘இ’ என்று எழுதி, அந்தப் பாரைப் பாடம் பண்ண வைத்துவிட்டார்.