அவதானம்: கவனகம் என்று சொன்னால் போதுமா?

ஈழத்துத் தமிழர் வாயில் ‘அவதானம்’ தினமும் புழங்கும் சொல். ‘ரோட்டைக் கடக்கும்போது அவதானமாக இருங்கள்’ என்றால் எச்சரிக்கையாக இருங்கள் என்று பொருள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் எழுத்தோடு நின்றுவிட்டது. கட்டுரைகளில் ‘அவதானிப்பு’ வரும், பழைய புலவர்களின் பெயருக்கு முன்னால் ‘சதாவதானி’, ‘அட்டாவதானி’ என்று பட்டமாக நிற்கும். ஆந்திரத்துக்குப் போனால் இதே சொல்லுக்கு வேறொரு உயரம். அங்கே அவதானம் என்றால் மேடை, சபை, பாட்டு. ஒரு கவிஞரைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுக்க, அவர் ஒன்றையும் விடாமல் செய்யுளாகவே பதில் சொல்லும் கலை. தெலுங்கு இலக்கியத்தின் சொத்தில் எதை முதலில் காட்டுவீர்கள் என்று என்னைக் கேட்டால், காவியங்களுக்கும் முன்னால் இதைத்தான் காட்டுவேன்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘தா’ என்ற வினைக்கு வைத்தல் என்று பொருள். அதன்முன் ‘அவ’ சேர்ந்து, மனத்தை ஓரிடத்தில் ஊன்றி வைத்தல் என்றாகிறது. வேதத்தைப் பதம், கிரமம், ஜடை, கனம் என்று மாற்றி மாற்றிப் பிசகாமல் ஓதுவதற்கு எப்பேர்ப்பட்ட கவனம் வேண்டும்! அப்படி ஓதத் தெரிந்தவரைத் தெலுங்கில் ‘அவதானி’ என்றார்கள். அவதானி, அவதானுலு என்று முடியும் பெயர்கள் இன்றும் அங்கே உண்டு. ஓதுவாரைக் குறித்த சொல் பிறகு பாடுவாரையும் குறித்தது.

முன்னால் சேரும் எண்தான் அளவு. அஷ்டம் எட்டு, தசம் பத்து, சோடசம் பதினாறு, சதம் நூறு, சகஸ்ரம் ஆயிரம். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘சதாவதானி’யில் இருப்பது ‘சதா சர்வகாலமும்’ என்கிற சதா இல்லை. சதம், அவதானம் இரண்டும் புணர்ந்து சதாவதானம் ஆனது. எப்போதும் கவனமாக இருப்பவர் என்று பொருள் சொல்வது தவறு, நூறு பேருக்கு ஈடுகொடுப்பவர் என்பதே சரி.

அஷ்டாவதான சபையில் கேள்வி கேட்பவருக்கு ‘ப்ருச்சகர்’ என்று பெயர். எட்டுப் பேருக்கும் தனித்தனி வேலை. ஒருவர் ஒரு காட்சியைக் கொடுத்து வருணிக்கச் சொல்வார். ஒருவர் சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கொடுத்து, அடிக்கு ஒன்றாக வைத்துப் பாடச் சொல்வார். இது தத்தபதி. இட்லி, தோசை, வடை, சாம்பார் போன்ற சொற்களைக் கொடுத்துப் பாரதக் கதையைக் கேட்கிறவர்களும் உண்டு. இன்னொருவர் அவ்வப்போது மணி அடிப்பார், கடைசியில் எத்தனை முறை அடித்தது என்று சொல்ல வேண்டும். மற்றொருவருக்கு வேலையே தொந்தரவு செய்வதுதான். ‘உங்கள் ஊரில் மழை உண்டா? நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று நடுநடுவே புகுந்து பேச்சை இழுப்பார். அதற்குப் பெயர் அப்ரஸ்துத பிரசங்கம். அவருக்கும் உடனே சுவையாகப் பதில் வர வேண்டும், இல்லாவிட்டால் சபை முகம் சுளிக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது நிஷித்தாக்ஷரி, அதாவது எழுத்துத் தடை. கவிஞர் ஓர் எழுத்தைச் சொன்னதும், அடுத்து எது வரப்போகிறது என்று ஊகித்துப் ப்ருச்சகர் அந்த எழுத்தைத் தடுப்பார். தமிழில் வைத்துப் பார்ப்போம். பொருள் நிலா. கவிஞர் ‘வா’ என்று தொடங்குகிறார். வான் என்றுதான் வரும் என்று ப்ருச்சகர் ‘ன்’ கூடாது என்கிறார். கவிஞர் ‘வி’ என்கிறார், வாவி ஆகிவிட்டது. ‘யி’ தடை, வாவியில் என்று போக முடியாது. கவிஞர் ‘நீ’ என்கிறார். நீர்தானே என்று ‘ர்’ தடை. கவிஞர் ‘ல’ என்கிறார். வாவி நீலம்! குளத்துக் குவளையை நிலா மலர்த்துகிற பாட்டாக அது திரும்பிவிட்டது. எழுத்தெழுத்தாக வழி மறிக்கப்பட்டும் யாப்பும் பொருளும் கெடாமல் அடி நிறைய வேண்டும். இதற்கு மனப்பாடம் உதவாது. சொற்களஞ்சியம் முழுவதும் நாக்கு நுனியில் நிற்க வேண்டும்.

இத்தனையும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. ஒவ்வொரு பாட்டிலும் சுற்றுக்கு ஓரடியாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். முதல்வருக்கு ஓரடி, இரண்டாமவருக்கு ஓரடி என்று சுற்றி, மறுபடி முதல்வரிடம் வந்து இரண்டாம் அடி. நாலு சுற்று முடிந்தபின் எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து முழுதாக ஒப்பிக்க வேண்டும். அது தாரணை. கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

சமஸ்யை மட்டும் தமிழர்க்கு உடனே புரிந்துவிடும். நம்முடைய ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வதேதான். பொருள் ஒவ்வாத ஓரடியைக் கொடுப்பார்கள், அது பொருந்தும்படி மற்ற அடிகளைக் கட்ட வேண்டும். தெனாலி ராமகிருஷ்ணர் பெயரில் வழங்கும் தனிப்பாட்டு ஒன்று இதற்கு நல்ல சான்று. கொடுத்த அடி ‘குஞ்ஜர யூதம்பு தோம குத்துக ஜொச்சென்’, யானைக் கூட்டம் கொசுவின் தொண்டைக்குள் புகுந்தது. ராமகிருஷ்ணர் அதைப் பாரதத்துக்குக் கொண்டுபோனார். பகைவரை நொறுக்கும் பாண்டவர் பொலிவிழந்து விராடனிடம் சேவகம் செய்யப் போனார்களே. சஞ்சயா, விதியை என்னவென்று சொல்வது, யானைக் கூட்டம் கொசுவின் தொண்டைக்குள் அல்லவா புகுந்தது! அபத்தமாக நின்ற அடி, துயரத்தைச் சொல்லும் உவமையாக மாறிவிட்டது. அந்தப் பாட்டின் நாலடியும் ரஞ்ஜன, பஞ்ஜனுலை, ஸஞ்ஜய, குஞ்ஜர என்று தொடங்குகின்றன. இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது பாருங்கள், நம் எதுகை! தெலுங்கர் இதைப் ‘ப்ராஸ’ என்பார்கள். எதுகையில் ஊறிய காதுக்கு, மொழி புரியாவிட்டாலும் தெலுங்குச் செய்யுள் அந்நியமாகப் படாததற்கு இதுதான் காரணம்.

நூறு எழுத்தாணிகளுக்கு ஒரே வேளையில் பாட்டுச் சொல்பவர் என்ற புகழ் 16ஆம் நூற்றாண்டிலேயே ராமராஜபூஷணருக்கு உண்டு. ஆனாலும் அவதானத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் மக்கள் கலையாக்கியவர்கள் திருப்பதி வேங்கட கவுலு என்ற இரட்டையர். திவாகர்ல திருப்பதி சாஸ்திரி (1872–1919), செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி (1870–1950), இருவரும் கோதாவரிக் கரைக்காரர்கள், ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். கத்வால், ஆத்மகூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய்ச் சபைகளை வென்றார்கள். வேதம் படித்தவர்களுக்கு மீசை எதற்கு என்று கேட்டபோது, சம்ஸ்கிருதம், தெலுங்கு இரண்டிலும் நாங்களே கவிகள் என்று சொல்லத்தான் வளர்த்திருக்கிறோம், வெல்லுங்கள், எடுத்துவிடுகிறோம் என்று பாட்டிலேயே சவால் விட்டார்கள். திருப்பதி சாஸ்திரி மறைந்த பிறகும் வேங்கட சாஸ்திரி இருவர் பெயரிலேயே எழுதினார். 1949இல் சென்னை அரசு அவரை ஆஸ்தான கவியாக்கியது. அவரிடம் படித்தவர்தான் பின்னாளில் ஞானபீடம் பெற்ற விஸ்வநாத சத்யநாராயண.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கவனகம்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. கவனம் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகையால் கவனகத்துக்கு விளக்கமே வேண்டாம். அட்டாவதானம் எண்கவனகம், தசாவதானம் பதின்கவனகம், சோடசாவதானம் பதினாறு கவனகம், சதாவதானம் நூற்றுக்கவனகம், அவதானி கவனகர். திருக்குறளை வைத்துக் கவனகம் நிகழ்த்திய பதின்கவனகர் இராமையாவும், அவர் மகன் கனக சுப்புரத்தினமும் இந்தச் சொல்லை மேடைகளில் ஊன்றினார்கள்.

இருந்தாலும் இரண்டையும் அப்படியே சமன் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்க் கவனகத்தில் இன்று நினைவாற்றல் முன்னால் நிற்கிறது. குறள் எண்ணைச் சொன்னால் குறள், முதுகில் விழுந்த கல்லின் எண்ணிக்கை, மாயச் சதுரம், சதுரங்கம். தெலுங்கு அவதானத்திலோ பாட்டுக் கட்டுவதுதான் உயிர், நினைவு அதற்குத் துணை. நம்மிடம் அந்தப் பாட்டு இல்லாமல் போய்விடவில்லை. 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு கவனகம் செய்து காட்டிய இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலரிடம் ‘துருக்கனுக்கு ராமன் துணை’ என்று ஈற்றடி கொடுத்தார்களாம். இஸ்லாமியரான அவர் முந்தின அடியைப் ‘பரத லட்சுமண சத்’ என்று முடித்தார். சத்துருக்கனுக்கு ராமன் துணை! கோதாவரிக் கரைச் சபையில் சொல்லியிருந்தாலும் இதற்கு எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள்.

ஆகவே பொதுவாகச் சொல்லும்போது கவனகம் என்றே எழுதலாம். தெலுங்குக் கலையைக் குறிக்கும்போது ‘பாட்டுக் கவனகம்’ என்றால் இன்னும் துல்லியம். ப்ருச்சகரை வினவுவோர் என்றும், சமஸ்யையை ஈற்றடி என்றும், தத்தபதியைச் சொற்கொடை என்றும், நிஷித்தாக்ஷரியை எழுத்துத் தடை என்றும் சொல்ல எந்தத் தடையும் இல்லை. உடனுக்குடன் பாடும் ‘ஆசுவு’ நமக்கு ஆசுகவியாக எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. பட்டமாகப் பெயரோடு ஒட்டிவிட்டவற்றை மட்டும் மாற்ற வேண்டாம். சதாவதானி கதிரைவேற்பிள்ளை, அட்டாவதானம் வீராசாமி செட்டியார் என்றே அவர்களை அவர்கள் காலம் அழைத்தது, நாமும் அப்படியே அழைக்கலாம்.