நூலக வரி எங்கே நிற்கிறது? வாசகர் வட்டத்தினர் கேட்க வேண்டிய கேள்வி

வீட்டுச் சொத்து வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகிறது. வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு. சொத்து வரி ரூ.2,000 என்றால் நூலக வரி ரூ.200. மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை தமிழ்நாடு முழுவதும் இதுதான் கணக்கு. வாடகை வீட்டில் இருப்பவர் அந்த ரசீதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் கொடுக்கும் வாடகைக்குள் அதுவும் அடங்கித்தான் இருக்கிறது.

ஆகவே ஊர் நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வேண்டும், ஒழுகும் கூரையைச் சரிசெய்ய வேண்டும், மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் திறந்துவைக்க வேண்டும் என்று கேட்கப் போகும்போது யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நூலகத்துக்கென்று மக்களிடம் வாங்கிய பணம் நூலகத்துக்கு வந்து சேர்ந்ததா என்றுதான் கேட்கிறோம். சம்பளம் இல்லாமல், ஆர்வத்தால் மட்டுமே வாசகர் வட்டப் பொறுப்புகளை, அதாவது ஊர் நூலகத்துக்குத் துணைநிற்கும் வாசகர் குழுவின் பொறுப்புகளைச் சுமக்கும் பலருக்கு இந்த விவரம் தெரிவதில்லை. "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடியும் மனுக்களை ஆண்டுதோறும் எழுதிக் களைத்துப்போகிறார்கள்.

இந்த வரி 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தில் பிறந்தது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வாதாடியதன் பலன் அது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் நிறைவேறிய முதல் பொது நூலகச் சட்டமும் அதுவே. ரங்கநாதனுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: ஆண்டுதோறும் தயவை எதிர்பார்த்து நிற்கும் நூலகம் நிலைக்காது, அதற்கென்று தனி வருமானம் வேண்டும். அதனால் மாவட்டந்தோறும் பொது நூலகங்களை நடத்த ஒரு நூலக ஆணைக்குழுவும், அதன் கையில் நூலக நிதி என்ற தனி நிதியும் ஏற்பட்டன. நூலக வரியைத் தண்டுவது உள்ளாட்சி அமைப்பு. ஆனால் அது உள்ளாட்சியின் வருமானம் அன்று. வசூலித்து ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம். சென்னை நீங்கலான ஆணைக்குழுக்களுக்கு, வசூலாகும் வரிக்குக் குறையாத தொகையை அரசும் ஆண்டுதோறும் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படியானால் உங்கள் ஊரின் வரி நிலுவையாகக் கிடப்பது, மாவட்டத்தின் நூலகங்களுக்கு வரிப் பணத்தின் இழப்பு மட்டும் ஆகாது, அதற்கு ஈடாக அரசு தரும் பங்கையும் பாதிக்கலாம்.

பணம் தேங்கும் இடமும் இதுதான். வசூலித்த வரியை உள்ளாட்சி அமைப்புகள் ஆணைக்குழுவுக்கு முழுமையாகச் செலுத்தாமல் நிலுவை வைப்பது பல ஆண்டுகளாகச் செய்திகளில் அடிபடுகிறது. உள்ளாட்சிகளுக்கும் பண நெருக்கடி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் பெயரில் வாங்கிய பணத்தை இன்னொருவர் செலவுக்கு வைத்துக்கொள்வதை நெருக்கடி நியாயப்படுத்தாது.

எனவே முதல் வேலை மனு எழுதுவதன்று, கணக்கு கேட்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பக் கட்டணம் ரூ.10. இரண்டு விண்ணப்பங்கள் எழுதுங்கள். உள்ளாட்சி அமைப்பின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று: கடந்த 5 நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக நூலக வரியாக வசூலான தொகை எவ்வளவு, அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதிகளில், மீதி எவ்வளவு? மாவட்ட நூலக அலுவலகத்துக்கு இன்னொன்று: இதே 5 ஆண்டுகளில் இந்த உள்ளாட்சியிடமிருந்து வந்தது எவ்வளவு, வர வேண்டிய நிலுவை எவ்வளவு, எங்கள் ஊர் நூலகத்துக்குப் புத்தகம், பருவ இதழ், பராமரிப்பு என்று செலவிட்டது எவ்வளவு? இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பணம் எந்த மேசையில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். விண்ணப்பத்தை வட்டத்தின் பெயரில் அனுப்பாதீர்கள். இது குடிமகனுக்குரிய உரிமை என்பதால் ஒருவர் தம் சொந்தப் பெயரில் எழுதுவதே பாதுகாப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம்.

இந்தக் கேள்விகளை நூலகரைக் கேட்க வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவர் அரசு ஊழியர், நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். தம் துறையின் நிதி பற்றி வெளியில் பேசினால் அவருக்குத்தான் சிக்கல். வாசகருக்கும் வட்டப் பொறுப்பாளருக்கும் அந்தக் கட்டு இல்லை. அவர் வாய் திறக்க முடியாத இடத்தில் பேசுவதற்கே நாம் இருக்கிறோம்.

வரிக் கணக்கு கையில் வந்ததும் நூலகத்தின் கணக்கையும் தயார் செய்யுங்கள். உறுப்பினர் எத்தனை பேர், ஒரு நாளில் வருவோர் எத்தனை பேர், வாசிப்பு அறையில் நாற்காலிகள் எத்தனை? ஒரு வாரம் நீங்களே வாசலில் இருந்து எண்ணினால்கூடப் போதும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இடமில்லாமல் தரையில் உட்காருகிறார்கள் என்றால், எந்த நேரத்தில், எத்தனை பேர் என்று எழுதுங்கள். "பலர் அவதிப்படுகின்றனர்" என்பதை எந்த அதிகாரியும் கடந்துபோய்விடுவார். "மாலை 5 மணிக்கு 20 நாற்காலிகளுக்கு 34 பேர்" என்று நாள், தேதியோடு எழுதினால் அப்படிக் கடந்துபோவது கடினம்.

கிராமத்தில் இதை வைக்க மிகச் சிறந்த இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. நகரங்களில் வார்டு உறுப்பினரையும் பகுதி சபையையும் நாடலாம். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனியாக வையுங்கள்: கட்டடம் என்றால் தொகுதி மேம்பாட்டு நிதி, வரி நிலுவை என்றால், பொது நூலகங்கள் அடங்கும் பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு கேள்வி. எந்தக் கட்சிக்காரரானாலும் அதே தாளை, அதே எண்களோடு கொடுங்கள். ஒரு கட்சியின் மேடையில் ஏறிவிட்ட வாசகர் வட்டத்துக்கு அடுத்த ஆட்சியில் கதவு திறக்காது.

ரூ.1,000 செலுத்தி நூலகத்தின் புரவலராகச் சேரும் ஏற்பாடும் இருக்கிறது. புரவலர்களைச் சேர்ப்பது நல்ல வேலைதான். ஆனால் அதையே முழு வேலையாக்கிக்கொண்டு வரி நிலுவையை மறந்துவிடுவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. மக்கள் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துவிட்டார்கள்.

காலமும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. மார்ச் மாதம் போய்க் கேட்டால் திட்டமெல்லாம் முடிந்திருக்கும். தகவல் விண்ணப்பங்களை ஆகஸ்ட் மாதத்திலேயே அனுப்பிவிட்டால், பதில்களோடு அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபைக்குப் போகலாம். தீர்மானத்தை இப்படி எழுதலாம்: "இவ்வூராட்சியில் நூலக வரியாக வசூலிக்கப்பட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு இன்னும் செலுத்தப்படாத தொகை முழுவதையும் இந்நிதியாண்டு முடிவதற்குள் செலுத்த வேண்டும் எனவும், செலுத்திய விவரத்தை அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும் எனவும் இச்சபை தீர்மானிக்கிறது." நிலுவைத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதை நேரில் பார்த்து, நகலை வாங்கி, ஒன்றை மாவட்ட நூலக அலுவலருக்கும் ஒன்றை ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.