இலை எங்கே?

என் போனுக்கு வரும் படங்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: விரித்த உள்ளங்கை, நடுவில் ஒரு பழம், கீழே "மரத்தடியில் கிடந்தது, சாப்பிடலாமா?" என்று ஒரு வரி. தாவரங்களை இனம் காண்பது என் தொழில் என்பதால் அனுப்புகிறார்கள். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றேதான்: இலை எங்கே?

ஒருமுறை நண்பர் ஒருவர் அனுப்பியது ஓடு கெட்டியான, உருண்டையான, ஆரஞ்சு நிறப் பழம். "சின்ன வில்வம்தானே?" என்றவர் அதற்குள் பாதியாக அறுத்தும்விட்டார். வில்வ இலை மூன்று மூன்றாகக் கூடியிருக்கும். அவர் மறுபடி போய் எடுத்த படத்திலோ இலைகள் தனித்தனியாக, எதிரெதிரே ஜோடியாக, பளபளவென்று இருந்தன. அடியிலிருந்தே நரம்புகள் நீளவாக்கில் பிரிந்து ஓடின. எட்டி! அறுத்த பழத்துக்குள் சட்டைப் பொத்தான் போலத் தட்டையான, பட்டு மாதிரி மின்னும் விதைகள். ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு அவற்றில் இருக்கிறது. தசைகளை விறைத்து இழுக்கவைத்து மூச்சையே நிறுத்திவிடும். 'எட்டி பழுத்தென்ன' என்று பழமொழி சொல்பவர்களில் எத்தனை பேர் எட்டிப் பழத்தைப் பார்த்திருக்கிறார்கள்?

"பறவை கொத்தியிருந்ததே" என்றார் நண்பர். கொத்தும்தான். எட்டிப் பழத்தின் சதையை இருவாச்சி தின்னும். அதன் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

இன்னொரு நம்பிக்கை, விஷம் என்றால் கசக்கும், துப்பிவிடலாம் என்பது. 1999இல் கரீபியன் தீவான டொபாகோவுக்கு விடுமுறைக்குப் போன பிரிட்டன் மருத்துவர் ஒருவர், கடற்கரையில் கிடந்த பச்சை நிறப் பழத்தைக் கடித்தார். நல்ல இனிப்பு. கொஞ்ச நேரத்தில் தொண்டை எரிந்து, இறுகி, திட உணவை விழுங்கவே முடியாத அளவுக்கு மணிக்கணக்கில் தவித்தார். அது மான்சினீல். அந்த மரத்தின் பால் தோலில் பட்டாலே கொப்புளம் வரும்.

பழத்தை மட்டும் பார்த்தால் எனக்கும் தடுமாறும். மலையாளிகள் ஒதளங்காய் என்று சொல்லும் காய் அச்சு அசலாகச் சின்ன மாங்காய்தான். உள்ளே இதயத்தை முடக்கும் நஞ்சு. உடைத்தால் வெள்ளையாக இருக்கும் பருப்பு காற்றுப் பட்டதும் ஊதாவாகிக் கறுத்துப்போகும். அதற்காக ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்க்க வேண்டாம். தொடுவதென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதானால் கிளையோடு இலையின் இருபுறம், பட்டை, பழத்தின் பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம். தலைக்கு மேலே இருக்கும் மரத்தில் அதே காய் தொங்குகிறதா என்றும் நிமிர்ந்து பாருங்கள். வௌவால் எங்கிருந்தோ தூக்கிவந்து போட்டதாகவும் இருக்கலாம். செயலி சொல்லும் பெயரைத் துப்பாக வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி வாயில் வைக்க முடியாது.

யாராவது தின்றுவிட்டால் எனக்குப் படம் அனுப்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மீதிப் பழத்தையும், கைக்கெட்டினால் இலையோடு ஒரு கொப்பையும் உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அந்த நண்பர் போன வாரம் ஐந்து படம் அனுப்பினார். முதல் படத்தில் கிளை நுனியில் இலைகள் கொத்தாக நின்றன. இலுப்பையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பழத்தின் படத்துக்குப் போனேன். இலுப்பையேதான்.