அவிழ்த்து விட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். துப்புரவு வேலை பார்க்கும் பங்களாதேஷ்த் தம்பி ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்குள் ஓடிவந்தார். இது சிங்கப்பூரில். ஈரச்சந்தைக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் கிடந்ததாம். பெட்டிக்குள் வயதான ஆரஞ்சு நிற ஆண் பூனை. அடிவயிற்றில் கை வைத்தேன். சிறுநீர்ப்பை கல் போல இறுகியிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறத் தொடங்கியிருந்தது. அடைப்பை எடுத்தோம், ஊசி போட்டோம், குளுக்கோஸ் ஏற்றினோம். இஷா (இரவுத் தொழுகை) நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறந்துவிட்டது.

கழுத்தடியில் மைக்ரோசிப் இருந்தது. பதிவில் இருந்த எண்ணை அழைத்தேன். வந்தவர் எனக்குத் தெரிந்த பெரியவர், ஐந்து வேளையும் பள்ளிவாசலில் இருப்பவர். பூனை அவர் வீட்டில் 12 ஆண்டுகள் வளர்ந்தது. நான்கு நாட்களாக வீடெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டதாம். தொழும் இடம் கெடுகிறது என்று சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

“ரிஸ்க் (உணவு, வாழ்வாதாரம்) கொடுக்கிறவன் அல்லாஹ்தானேம்மா. அங்கே மீன்கடை இருக்கு, பசியோட கிடக்காதுன்னு நினைச்சேன். நான் என்ன, கட்டிப்போட்டா கொன்னேன்? அவுத்துத்தானே விட்டேன்” என்றார்.

அவர் கல்நெஞ்சர் இல்லை. சொல்லும்போதே கண் கலங்கியது. ஆனால் இதே வார்த்தைகளை இந்த ஆண்டில் மட்டும் நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவர் மனதில் இருந்தது நம் எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ் (நபிமொழி). ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்தாள், அது பட்டினியால் செத்தது, அதற்காக அவள் நரகம் புகுந்தாள். புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. ஓதப்போகும் ஆறு வயதுப் பிள்ளைகூடச் சொல்லும். அதைக் கேட்ட பலர், கட்டிவைத்ததுதான் குற்றம் என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். அப்படியானால் கட்டாமல் விட்டவருக்கு ஒரு குற்றமும் இல்லை, கணக்கு முடிந்தது.

தயவுசெய்து அந்த ஹதீஸை முழுசாகப் படியுங்கள். அடைத்துவைத்தபோது அவள் அதற்கு உணவும் தரவில்லை, தண்ணீரும் தரவில்லை. பூமியில் உள்ள சிறு உயிர்களைத் தின்னவும் அதை விடவில்லை என்று வருகிறது. அவள் முன்னால் இருந்த வழி இரண்டு. ஒன்று, நீ உணவு கொடு. இல்லையென்றால், அது தானாகத் தேடித் தின்ன வழி விடு. எப்படிப் பார்த்தாலும் அதன் வயிறு நிறைய வேண்டும், அது உயிரோடு இருக்க வேண்டும். அவள் இரண்டையும் அடைத்தாள்.

இப்போது நம்ம ஊர்ப் பூனைக்கு வருவோம். 11ஆம் மாடியில் பிறந்த குட்டி. மண்ணில் கால் வைத்ததில்லை. எலியைக் கண்டால் அதுவே ஒதுங்கும். 12 வருடம் பாக்கெட்டைக் கிழிக்கும் சத்தத்துக்கு ஓடிவந்தே சாப்பிட்டுப் பழகியது. அதைச் சந்தையில் விட்டால் “பூமியில் உள்ளதைத் தின்ன விட்டேன்” என்று எப்படிச் சொல்வீர்கள்? அதற்கு அந்த வழியே திறக்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் தங்கள் இடத்தில் புதிதாக வந்ததை அடித்து விரட்டும். அது பயந்துபோய்க் கால்வாய்க்குள்ளோ மோட்டார் சைக்கிளுக்கு அடியிலோ பதுங்கும். மீன்கடைக்காரர் தலையை வெட்டிப் போட்டாலும் வெளியே வந்து தின்னாது. கொழுத்த வீட்டுப் பூனை மூன்று நான்கு நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு உணவை மூக்கடியில் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவற்றைத்தான் நாங்கள் ஒரு வாரம் கழித்துப் பெட்டியில் வாங்குகிறோம். கயிறு இல்லை என்பதைத் தவிர, அந்தப் பெண்ணின் பூனைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அந்தப் பூனைக்கு 12 ஆண்டுகள் அவன் ரிஸ்க் கொடுத்தது அந்த வீட்டுச் சமையலறை வழியாகத்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்று திர்மிதியில் வரும் நபிமொழியைப் பிள்ளைகளின் பரீட்சைக்கும் வேலைக்கும் சொல்கிறோம். பூனைக்கு மட்டும் ஏன் தவக்குல், அதாவது அல்லாஹ்வை நம்புவது, இப்படி மாறிவிடுகிறது?

நான் ஆலிமா (மார்க்க அறிஞர்) இல்லை. பெர்த்தில் கால்நடை மருத்துவம் படித்தேன், மார்க்கத்தை வீட்டிலும் பள்ளிவாசல் வகுப்பிலும் படித்தேன். அதனால் இதை மார்க்க ஆசிரியரான ஓர் உஸ்தாதிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் காட்டிய ஒரு செய்தி என்னை உட்கார வைத்துவிட்டது. டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் வாழ்ந்து 1262இல் மறைந்த ஷாஃபி சட்ட அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், மனிதர்மேல் விலங்குகளுக்கு உள்ள உரிமைகளை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். முதலில் வருவது செலவு. அது கிழடாகிப்போனாலும், நோயில் விழுந்து இனி எந்தப் பயனும் இல்லை என்றானாலும், அதற்குச் செலவு செய்ய வேண்டும். தாங்காத சுமை ஏற்றக்கூடாது. அதற்குத் தீங்கு செய்யும் விலங்கோடு சேர்த்து வைக்கக்கூடாது. இப்படிப் போகிறது. விரும்பினால் செய்யலாம் என்ற நன்மைப் பட்டியல் இல்லை இது, அவற்றின் உரிமை. பூனை வளர்ப்பது சுன்னத் (நபிவழி) என்று சொல்லிக் குட்டியை வாங்கும் வீடுகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். வாங்கலாமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வாங்கிய பிறகு அதன் சோறு உங்கள் கடமை.

அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் ஓர் ஒட்டகத்தின் கதை வரும். நபி (ஸல்) மதீனாவில் ஓர் அன்சாரியின் தோட்டத்துக்குள் போனபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைப் பார்த்து முனகிக் கண்ணீர் விட்டது. அருகில் போய் அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தார்கள், அது அமைதியானது. மிரண்டுபோன பல விலங்குகளிடம் நாங்களும் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான். ஒவ்வொரு முறையும் இந்த ஹதீஸ் நினைவுக்கு வரும். பிறகு உரிமையாளரை அழைத்து, அல்லாஹ் உன் கையில் ஒப்படைத்த இந்த உயிரின் விஷயத்தில் அவனுக்கு நீ அஞ்ச வேண்டாமா, நீ இதைப் பட்டினி போடுவதாகவும் ஓயாமல் வேலை வாங்குவதாகவும் என்னிடம் முறையிடுகிறதே என்று கேட்டார்கள்.

“செலவுக்கு வழியில்லையே டாக்டர்” என்பவர்களுக்கு. உண்மைதான், அடைப்பு எடுத்து இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்தால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். கடன் வாங்கிக் கட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வந்து சொல்லுங்கள். தவணை உண்டு, குறைந்த செலவில் செய்யக்கூடியது எது என்று பேசலாம், பூனையை எடுத்துக்கொள்ள ஆள் தேடலாம். விலங்குக்குச் செலவு செய்ய முடியாதவர் அதை விற்றோ கொடுத்தோ இன்னொருவர் பொறுப்பில் சேர்க்க வேண்டும் என்றுதான் சட்ட அறிஞர்களும் சொல்லியிருக்கிறார்கள். சந்தையில் விட்டால் அது யார் பொறுப்பு?

நாட்டுச் சட்டத்திலும் அது குற்றம்தான். விலங்குகள், பறவைகள் சட்டத்தில் 2014இல் நிறைவேறிய திருத்தம் கொடுமைக்கான தண்டனையை 15,000 வெள்ளி அபராதம், 18 மாதச் சிறை வரை உயர்த்தியது. வளர்ப்பவருக்குப் பராமரிப்புக் கடமை உண்டு, விட்டுவிட்டுப் போனாலும் வழக்கு வரும். இன்னொன்று: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வைத்திருப்பது 1989 முதல் அனுமதிக்கப்படாமல் இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்காலம் கொடுத்தார்கள். ஏற்கெனவே இரண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் அதற்குள் விண்ணப்பித்து எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். அது தெரியாமல் “மூணாவதைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க” என்று பயந்து வாய்ட் டெக்கில் (புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்) விட்டவர்களை நான் பார்த்தேன். விடுவதற்கு முன் விலங்குநல மருத்துவச் சேவைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

நாய் விஷயம் வேறு. எங்கள் காத்திருக்கும் இடத்தில் மூன்று கிலோகூட இல்லாத நாய்க்குட்டி ஒன்று மோந்துகொண்டே வந்தது. ஒருவர் பெற்ற பிள்ளைகள் எதிரிலேயே காலால் எத்தினார். “நஜீஸ்” (அசுத்தம்) என்றார். நஜீஸ் என்பது எதைக் கழுவ வேண்டும் என்று சொல்லும் சட்டம். யாரை உதைக்கலாம் என்று சொல்லும் சட்டம் அல்ல. ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) நாயின் உடல் முழுவதும் நஜீஸ், ஹனஃபியில் எச்சில் நஜீஸ், மாலிக்கியில் உயிருள்ள நாய் தூய்மையானதுதான். ஷாஃபியிலேயே, இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தால் பட்ட இடத்தைக் கழுவ வேண்டியதில்லை. ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து. நான் நாள் முழுக்க நாய்களைத் தொட்டுத்தான் வேலை செய்கிறேன். மண் கலந்த சவுக்காரம் கடையில் கிடைக்கிறது, கழுவ இரண்டு நிமிடம், அப்புறம் ஒளு எடுத்து (கை, முகம், கால் கழுவி) தொழுகிறேன்.

தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்காக ஒருவர் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறி வந்து கொடுத்தார். அல்லாஹ் அவரை மன்னித்தான். இதுவும் புகாரி, முஸ்லிமில் உள்ளதுதான். கழுவுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடிபட்ட நாயைக் கண்டால் முதலில் உதவிக்கு அழையுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் சமயத்தில் குர்பானி பார்க்கப் பிள்ளைகளை அழைத்துவருபவர்களிடம் ஒரே வேண்டுகோள்: ஆட்டைத் துரத்தவும் கொம்பைப் பிடித்துப் படம் எடுக்கவும் விடாதீர்கள். ஆடு கூட்டத்தோடு வாழும் உயிர், தனியாகப் பிரித்தாலே நடுங்கும். அறுத்தால் அழகிய முறையில் அறுங்கள், கத்தியைத் தீட்டுங்கள், பிராணிக்கு இதம் தாருங்கள் என்ற நபிமொழி கத்தி பிடிப்பவருக்கு மட்டும் சொன்னது இல்லை.

சரி, வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண் பூனை மணல் பெட்டிக்குப் போய்ப் போய் உட்கார்ந்து எழுந்தால், கத்தினால், ஓயாமல் அடியில் நக்கினால், அது சேட்டை இல்லை, அழுக்குப் புத்தியும் இல்லை. சிறுநீர் அடைத்திருக்கலாம். அன்றைக்கே கொண்டுவாருங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். அந்தப் பெரியவர் முதல் நாளே வந்திருந்தால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருந்தது.

பெனடோல் (பாரசிட்டமால்) கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். கோடாலித் தைலம் தடவாதீர்கள், அது நக்கித்தான் தன்னைச் சுத்தம் செய்யும், தைலம் முழுக்க வயிற்றுக்குள் போகும். ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? துஆவை நான் மறுக்கவில்லை, நானும் ஊசி போடும்போது பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் போடுகிறேன். துஆ செய்துகொண்டே டாக்ஸியில் ஏறுங்கள்.

ஜன்னலுக்கு வலை போடுங்கள். பூனை விழாது, தெரியும் என்று என்னிடம் வாதாட வேண்டாம். விழுந்தவற்றின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டுவது நான்தான்.

மக்காவுக்கு உம்ரா போகிறீர்கள். 12 நாள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு தட்டு நிறைய பிஸ்கட், கதவைப் பூட்டியாச்சு. கேட்டால், “போதுமான அளவு வச்சிட்டுத்தான் வந்தோம்”. இரண்டாம் நாளே தட்டில் எறும்பு ஏறிவிடும். அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகும்போது ஓர் உயிரை வீட்டுக்குள் அடைத்துவைத்துவிட்டுப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுங்கள், அவர் சீனரானாலும் மலாய்க்காரரானாலும். தினமும் ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜூன், டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

பூனைக்குக் கருத்தடை செய்வது ஹராமா (மார்க்கத்தில் தடையா) என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, நன்மை கருதி அனுமதித்தவர்களும் உண்டு. உங்கள் உஸ்தாதிடம் கேளுங்கள். கேட்கும்போது, போன தடவை போட்ட ஐந்து குட்டிகள் எங்கே போயின என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பெரியவர் வீட்டில் இன்னொரு ஆண் பூனை இருக்கிறது, பேத்தியுடையது. போன வியாழக்கிழமை துணிக்கூடையில் துண்டு விரித்து அதைக் கொண்டுவந்தார். “இதுக்கும் அப்படி ஆகுமாம்மா?” என்று கேட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சிறுநீர்ப்பை மெத்தென்று, சின்னதாக இருந்தது. “இப்போ ஒண்ணுமில்லை மாமா” என்றேன். காய்ந்த பிஸ்கட்டைக் குறைத்து ஈர உணவு கொடுக்கவும், இன்னொரு இடத்தில் இன்னொரு தண்ணீர்க் கிண்ணம் வைக்கவும் சொல்லி அனுப்பினேன். இரவில் ஏதாவது என்றால் 24 மணி நேர மருத்துவமனைகள் இருக்கின்றன; உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதன் எண்ணை இப்போதே போனில் போட்டுவையுங்கள். அவர் போனில் நானே போட்டுக் கொடுத்தேன்.