குப்புசாமியைக் கணினிக்குப் புரியவைப்பது

குடும்ப வரலாற்றை இணையத்தில் தேடக் கிளம்புகிறவர் முதல் நாள் செய்வது பெரும்பாலும் இதுதான்: பூட்டன் பெயரை ஆங்கிலத்தில் தட்டுவார், தளம் உதட்டைப் பிதுக்கும், மடிக்கணினியை மூடிவிடுவார். பூட்டன் பதிவேட்டில் இல்லை என்று அதற்குள் முடிவுகட்டக் கூடாது. 1890-களில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினார். அந்த எழுத்துக்கூட்டு வேறு, நாம் இன்று எழுதுவது வேறு. இரண்டும் ஒரே பெயர் என்று கணினி எப்படி ஊகிக்கிறது, எங்கே கோட்டைவிடுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்த மாதிரி.

வம்சாவளித் தளங்கள் பலவற்றின் தேடல் பெட்டிக்கு அடியில் சவுண்டெக்ஸ் என்ற பழைய உத்தியோ, அதன் வாரிசு ஒன்றோ இருக்கிறது. ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. கணக்கு எளிது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள். அதன் பிறகு வரும் உயிரெழுத்துகளையும் ஒய், எச், டபிள்யூ மூன்றையும் தள்ளிவிடு. மிஞ்சும் மெய்களுக்கு எண் கொடு: இரண்டு பி, எஃப், வி ஆகியவற்றுக்கு 1, சி, ஜி, ஜே, கே, க்யூ, எஸ், எக்ஸ், இசட் கூட்டத்துக்கு 2, இரண்டு டி-க்கும் 3, எல்-லுக்கு 4, எம், என் இரண்டுக்கும் 5, ஆர்-க்கு 6. ஒரே எண் அடுத்தடுத்து ஒட்டி வந்தால் ஒன்றாகக் கொள். மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்து.

முனுசாமியை இதில் போட்டுப் பாருங்கள். எம், பிறகு என் என்பதற்கு 5, எஸ்-க்கு 2, எம்-முக்கு 5. ஆக எம்525. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிப் பதிவுகளில் இதே பெயர் இரண்டு ஓ போட்டு 'மூன்சாமி' என்றும், நடுவே ஒரு டபிள்யூ நுழைந்து 'மூனசாமி' என்றும் கிடக்கும். எல்லாம் எம்525-தான். உயிரெழுத்தில் குமாஸ்தா செய்த குளறுபடி எல்லாம் இந்தச் சல்லடையில் உதிர்ந்துபோகிறது.

குப்புசாமியிடம் இந்தச் சல்லடை தோற்கும். கே-யில் எழுதினால் கே125, சி-யில் எழுதினால் சி125. எண் ஒன்றுதான், முதல் எழுத்து வேறு. கணினிக்கு இவர்கள் இரண்டு ஆள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'க'வைச் சி போட்டு எழுதுவது சகஜம் என்பதால் கந்தசாமி, கிருஷ்ணன், காத்தாயி எல்லாருக்கும் இதே கதி. ழகரம் இன்னும் மோசம். ஏழுமலையை இசட்-எச் போட்டு எழுதினால் இ254. எல் போட்டு எழுதினால் இ454. குமாஸ்தா 'யேலுமலை' என்று கேட்டிருந்தால் ஒய்454. ஒரு மனிதர், மூன்று முகவரி.

ஆகவே தேடும்போது எழுத்துக்கூட்டின் நடுப்பகுதியை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். முதல் எழுத்தை மாற்றுங்கள்: கே, சி, ஜி ஒரு கூட்டம்; இ, ஒய் ஒன்று; எஸ், சி ஒன்று; வி, டபிள்யூ ஒன்று. ழ வந்தால் எல் ஒரு முறை, இசட் ஒரு முறை. பல தளங்களில் ஓரெழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறியும், எத்தனை எழுத்துக்கும் பதிலாக நட்சத்திரக் குறியும் போடலாம். இதற்கும் மசியாவிட்டால் பெயரையே விட்டுவிட்டு ஊரையும் ஆண்டையும் மட்டும் கொடுத்துத் தேடுங்கள்.

மொய் நோட்டும் விகிருதி வருடமும்

ஊரும் ஆண்டும் எங்கே கிடைக்கும்? வீட்டுப் பரணில். தேடல் தளத்தில் கணக்குத் தொடங்கும் முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் வேறொருவர் குடும்பத்தில் போய் இறங்குவீர்கள். பழைய கிரயப் பத்திரம் 'இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்றுதான் ஆரம்பிக்கும். அந்த ஒரு வரியில் ஊரும் இரண்டு தலைமுறையும் வந்துவிடுகின்றன. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அது எழுதிவைத்த வம்சமரம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். பலரும் கவனிக்காத ஒன்று மொய் நோட்டு. ஊர்ப்பெயர் முன்னால், ஆள் பெயர் பின்னால் என்று வரிசையாக இருக்கும். இன்று தொடர்பு விட்டுப்போன பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் அதில்தான் உட்கார்ந்திருக்கும்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடவைத்து, தலைமையாசிரியரே ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்ட காலம் அது. ஒரே வீட்டில் நாலு பிள்ளைகளும் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தால் காரணம் இதுதான்.

ஜாதக நோட்டு அதைவிட மேல். ஆனால் அதில் தமிழ் ஆண்டுதான் இருக்கும், தமிழ் ஆண்டு 60-க்கு ஒரு முறை திரும்பும். 'விகிருதி வருடம் ஆவணி மாதம்' என்றால் 1890-ஆகவும் இருக்கலாம், 1950-ஆகவும் இருக்கலாம். எந்தத் தலைமுறை என்பதை வைத்தே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் ஜாதகத்தில் உள்ள கிழமை, நட்சத்திரம், திதி மூன்றையும் இணையப் பஞ்சாங்கத்தில் இரண்டு ஆண்டுக்கும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒருசேரப் பொருந்துவது ஒன்றில்தான். நிலப் பதிவுகளில் வரும் பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு: பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கியது. குமரி மாவட்டத்துப் பழைய ஓலைகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதற்கு 825, மாதத்தைப் பொறுத்து 824.

கப்பல் பட்டியலில் ஒரு வரி

'தாத்தாவோட சித்தப்பா நேட்டால் போனவரு, திரும்பவே இல்ல' என்ற பேச்சு வட தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. தேடலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது. சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியே போனவர்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஒரு வரி உண்டு. அந்தப் பட்டியல்களைக் கணினியேற்றி வைத்திருப்பது குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம்.

ஒரு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஓர் எண், பெயர் வீரன், தகப்பன் முனியன், வயது 22, சாதி 'மலபார்', ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா வாலாஜா, ஓர் ஊர்ப்பெயர், இடது முழங்காலில் தழும்பு, கப்பல் பெயர், வந்து சேர்ந்த தேதி. இதில் எதை எவ்வளவு நம்பலாம்? தேதியையும் கப்பலையும் முழுதாக நம்பலாம். வயதை ஐந்தாண்டு முன்பின் என்று கொள்ளுங்கள். 20, 25, 30 என்று முழு எண்ணாக விழுந்தால் அது பார்வையில் போட்ட வயது. சாதிப் பத்தியில் 'மலபார்' என்று கண்டு கேரளத்துக்கு ஓடவேண்டாம். அக்கால ஆங்கிலேயர் தமிழர்களைக் குறித்த சொல் அது. 'ஜெண்டு' என்றிருந்தால் தெலுங்கர்.

அந்த வரியில் விலை மதிப்பில்லாதது முதல் பத்தியில் இருக்கும் எண்தான். காலனி எண் என்பார்கள். நேட்டாலில் இறங்கிய பிறகு அந்த ஆள் சம்பந்தப்பட்ட அரசுக் காகிதங்களில் எண் கூடவே போகும். பெயர் காகிதத்துக்குக் காகிதம் மாறும், எண் மாறாது. எண் கிடைத்ததும் முன்னால் பத்து, பின்னால் பத்து வரிகளையும் படியுங்கள். ஒரே குடும்பத்தாரும் ஒரே ஊரில் ஆள்பிடித்துச் சேர்த்தவர்களும் பெரும்பாலும் அடுத்தடுத்து நிற்பார்கள். மனைவியோ மைத்துனனோ அங்கே அகப்படலாம்.

பட்டியலில் ஆளே இல்லையென்றால், சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துப் போனவராக இருக்கலாம். 1870-களிலிருந்து வியாபாரிகள் பலர் அப்படித்தான் போனார்கள். ஒப்பந்தப் பட்டியலில் அவர்கள் வரமாட்டார்கள்.

அடுத்த தலைமுறைக்குத் தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையான நாயர்ஸ் உதவும். இறந்தவரின் சொத்துக் கோப்புகள் அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. கோப்புக்குள் இருக்கும் இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் நெருங்கிய உறவினர் வாயால் சொல்லி எழுதியவை. இணையத்தில் தெரிவது கோப்பின் தலைப்பு மட்டும்தான்; பிரதியைக் காப்பகத்திலிருந்து வாங்க வேண்டும். இங்கே குடும்பப்பெயர் ஒரு பொறி. அண்ணன் சாதிப் பட்டத்தைக் குடும்பப்பெயராக வைத்திருப்பான், தம்பி தகப்பன் பெயரை வைத்திருப்பான். கூடப் பிறந்தவர்கள் அட்டவணையில் வேறு வேறு எழுத்தின் கீழ் கிடப்பார்கள்.

மொரீஷியஸ் போனவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்கள் உண்டு. பலருக்குப் புகைப்படமே இருக்கிறது. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903-இலிருந்துதான், அதனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் தமிழரைத் தேடிப் பெரிய பயனில்லை.

ஊர் எங்கே போயிற்று?

பட்டியலில் உள்ள ஜில்லா இன்றைய மாவட்டம் அல்ல. 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகர் சித்தூர். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆக 1896-இல் 'வட ஆர்க்காடு' என்று எழுதிய ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். மிச்சமிருந்த மாவட்டம் 1989-இல் உடைந்து திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் வேலூரும் உடைந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆயின. தென்னார்க்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம்; பிறகு விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி. எனவே மாவட்டத்தைப் பிடித்துக்கொள்ளாமல் தாலுகாவைப் பிடியுங்கள். புதூர், நல்லூர் என்றிருந்தால் தாலுகா இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

ஊர் தெரிந்தபின் தமிழ்நாட்டு அரசுத் தளங்கள் கைகொடுக்கும். பத்திரப்பதிவுத் துறையின் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் பார்த்தால், பொதுவாக 1975-க்குப் பிறகு எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்கள் வரும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு மூன்றும் நில ஆவணத் தளத்தில். ஆனால் பட்டாவில் பூட்டன் பெயரைக் காணோம் என்று பதறவேண்டாம்: 1980-களை ஒட்டி நடந்த யூடிஆர் என்ற நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில் பட்டாதாரர் பெயர்கள் பல மாறின, தவறாகவும் மாறின. அதற்கு முந்தைய பதிவேடு இணையத்தில் கிடைக்காது; மனுப் போட்டு ஆட்சியர் அலுவலகப் பதிவறையில்தான் பார்க்க வேண்டும். தேர்தல் துறை வெளியிட்டுள்ள 2002, 2005 வாக்காளர் பட்டியல்கள் பாட்டிமாரைத் தேட அருமையானவை: பெயருக்குப் பக்கத்திலேயே தகப்பன் அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண். பக்கங்கள் படமாக இருந்தால் சொல் தேடல் வேலைசெய்யாது; பாகம் பாகமாகக் கண்ணால்தான் படிக்க வேண்டும். பழைய பிறப்புப் பதிவேட்டிலும் பெயரைத் தேடாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் 'இன்னாருக்கு ஆண் குழந்தை' என்றுதான் இருக்கும். தகப்பன் பெயரில் தேடுங்கள்.

கிடைத்ததை மரமாக ஏற்றும்போது நம் ஊர்ப் பழக்கமே நம்மைக் கவிழ்க்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். ரா. குப்புசாமி, கு. ராமசாமி, மறுபடி ரா. குப்புசாமி என்று பெயர் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பும். முதலெழுத்துகூட அச்சாகப் பொருந்தும். தளம் இதைப் பார்த்து 'இருவரும் ஒருவரா?' என்று கேட்கும். யோசிக்காமல் ஆம் என்று அழுத்திய மரங்கள் இணையத்தில் ஏராளம். அவற்றில் தாய்க்கு முன்னால் பிள்ளை பிறந்திருக்கும். அந்தக் கேள்வி வரும்போது மனைவி பெயரையும் ஊரையும் ஒப்பிடுங்கள். மனைவி பெயர் வேறானால், இரண்டு பதிவுக்கும் இடையே 40, 50 ஆண்டு இருந்தால், இரண்டு குப்புசாமியையும் தனித்தனியாகவே விட்டுவிடுங்கள்.